மணம் முரண்டு பிடித்தால்...

வீட்டுச் சோப்பு: கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கின்றன. எண்ணெய் அளந்தாயிற்று, காஸ்டிக் சோடா கரைத்தாயிற்று, கலவை கூடி வந்தாயிற்று. வாசனையை ஊற்றியதும் காரியம் கெட்டது. அடுப்பேற்றாமல் செய்யும் குளிர்முறைச் சோப்பில் வாசனையும் காரத்தோடு வினைபுரியும் ஒரு சரக்குதான். அதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

கிராம்புத் தைலத்தை ஊற்றி இரண்டு முறை கிண்டுவதற்குள் கலவை களியாகி, கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. தைலம் கலப்படமா?
– வாசகி, ஜெலுத்தோங்

கலப்படமில்லை அக்கா. சுத்தமாக இருப்பதால்தான் இந்த வேகம். கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜெனால். அது ஃபீனால் வகையைச் சேர்ந்தது, லேசான அமிலக் குணம் உள்ளது. காஸ்டிக் சோடாவில் பட்டதும் உப்பாக மாறத் தொடங்கிவிடும். கூடவே எண்ணெயும் காரமும் சேருகிற வேலையும் முடுக்கிவிடப்படும். இலவங்கப்பட்டைத் தைலமும் கலவையை இப்படி வேகமாக இறுக்கும். பூ வாசனைகள் பலவும் இப்படி ஓடும்.

அதற்காகக் கிராம்பைக் கைவிட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் ஜாதிக்காயையும் நம் பினாங்குத் தீவில் நட ஆரம்பித்தது. பாலிக் புலாவ் சரிவுகளில் அந்த மரங்கள் இன்றும் காய்க்கின்றன. இது நம் மண்ணின் மணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 1 கிலோ எண்ணெய்க்குக் கிராம்பு 5 கிராமைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் தோலையும் உறுத்தும். எண்ணெயும் காரக் கரைசலும் 35 டிகிரி அளவுக்கு ஆறட்டும். காரக் கரைசலை 33 விழுக்காட்டுக்குப் பதில் 30 விழுக்காட்டில் வையுங்கள். தண்ணீர் கூடினால் வேகம் தணியும். கலவை எண்ணெய் மிதக்காமல் ஒன்றுசேர்ந்த உடனே, கெட்டிப்படும் முன்பே, தைலத்தை விடுங்கள். அதன்பிறகு பிளெண்டரைத் தொடாமல் கைத்துடுப்பால் மட்டும் கலக்குங்கள். அச்சு பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். சித்திர வேலைப்பாடெல்லாம் வேறொரு நாளைக்கு.

இறுகிப்போன சோப்பைக் குப்பையில் கொட்டுவதா?
– வாசகர், பட்டர்வொர்த்

கொட்டவே கூடாது! போட்ட எண்ணெயும் காரமும் அப்படியே உள்ளே இருக்கின்றன. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து மூடுங்கள். ஸ்லோ குக்கர் இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்து போனதுபோல் தெரிந்தால் ஓரிரு கரண்டி வெந்நீர் தெளிக்கலாம். அவ்வப்போது புரட்டிக் கொடுங்கள். வெண்மை மறைந்து, முழுதும் வாசலின் பதத்தில் மினுங்கும்போது வெந்துவிட்டது என்று பொருள். சூட்டோடு அச்சில் அழுத்தி நிரப்பி, அச்சை மேசையில் நாலு தட்டுத் தட்டுங்கள், காற்றுக் குமிழ் போகும். மேற்பரப்பு கரடுமுரடாக இருக்கும். குளித்தால் நுரைக்குக் குறைவிருக்காது. அலுமினியப் பாத்திரத்தை மட்டும் அண்டவிடாதீர்கள். காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

வாசனை ஊற்றியதும் கலவையில் அரிசிக் குருணை போலத் திட்டுத் திட்டாக வருகிறதே?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

வாசனையில் உள்ள ஏதோ ஒரு பொருள் கெட்டிக் கொழுப்போடு முந்திக்கொண்டு சேர்ந்துவிட்டது. பிளெண்டரை இரண்டு மூன்று முறை அழுத்தி விடுங்கள், பெரும்பாலும் கரைந்துவிடும். எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதந்தாலும் இதே மருந்துதான். கலவை கெட்டியாகும், ஆகட்டும். பிரிந்த கலவையை அப்படியே அச்சில் ஊற்றினால்தான் ஆபத்து: ஒரு பக்கம் எண்ணெய்க் குழி, மறுபக்கம் காரக் கட்டி. அந்தக் காரக் கட்டி தோலைச் சுடும்.

வெண்ணிலா வாசனையில் வெள்ளைச் சோப்பு போட்டேன். ஒரு வாரத்தில் தேநீர் நிறம், இப்போது சாக்லேட் நிறம். கெட்டுவிட்டதா?
– வாசகி, தஞ்சோங் பூங்கா

கெடவில்லை. வெனிலின் காரத்திலும் காற்றிலும் பழுப்பாவது அதன் இயல்பு. நல்ல கடையில் வாங்கினால் குப்பியிலோ அதற்கான தாளிலோ வெனிலின் விழுக்காடு போட்டிருப்பார்கள். 1 விழுக்காடு இருந்தால் சந்தன நிறம் எதிர்பார்க்கலாம். 5, 6 என்று ஏறினால் கரும்பழுப்புதான். டைட்டானியம் டை ஆக்சைடு போட்டால் நிறம் கொஞ்சம் வெளுக்கும், பழுப்பு முற்றிலும் மறையாது. உருக்கி ஊற்றும் சோப்புக்கென்று விற்கும் வெண்ணிலா நிறக்காப்பு மருந்தும் குளிர்முறையில் நம்பிக்கைக்கு உரியதில்லை.

அதனால் பழுப்பை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் வாசனை ஊற்றி, அடுக்கடுக்காக நிரப்புங்கள். வெள்ளையும் காப்பி நிறமும் மாறி மாறி வரும். சில வாரங்களில் பழுப்பு வெள்ளைக்குள் மெல்லக் கசியும். ஆகவே கூர்மையான கோடு வேண்டாம், அலை அலையாக ஊற்றுங்கள்.

லிட்டில் இந்தியா பூக்கடையில் மல்லிகை வாங்கி, தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துச் சோப்பு செய்தேன். மல்லிகை மணமே இல்லை. மேலே பதித்த பூவும் கறுத்துவிட்டது. எங்கே தப்பு?
– வாசகி, ஜார்ஜ் டவுன்

உங்கள் கையில் தப்பில்லை, தங்கச்சி. மல்லிகையின் மணம் அத்தனை மென்மையானது. பறித்த பின்னும் பூ மணத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சூடாக்கி வடித்தால் கெட்டுவிடும் என்பதால்தான் மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் கரைப்பான் கொண்டு மணத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ பூவைக் கொட்டினால்தான் ஒரு கிலோ சாறு தேறும். ஒரு முழம் பூ எண்ணெய்க்குக் கொடுப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் காரம் விட்டுவைப்பதில்லை.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். மல்லிகை மணத்தின் முக்கியப் பொருள்களில் ஒன்று பென்சைல் அசிட்டேட். அது எஸ்டர் வகை. காரம் எண்ணெயை உடைத்துச் சோப்பாக்குகிறதல்லவா, அதே வேலையை இந்த எஸ்டரிடமும் காட்டும். உடைந்த பிறகு பழைய மணம் ஏது? மல்லிகைக்கு அந்தக் கிறக்கத்தைத் தரும் இன்டோல் என்ற பொருள் நாளடைவில் சோப்பைப் பழுப்பாக்கும். பச்சை இதழின் கதையும் அதுதான். காரத்தில் நிறம் தாங்கும் பூ அரிது. சாமந்தி இதழ் ஓரளவு தாங்கும்.

மல்லிகை மணம் வேண்டுமென்றால் குளிர்முறைச் சோப்பில் சோதித்தது என்று விற்பவர் உறுதி சொல்லும் வாசனை எண்ணெயை வாங்குங்கள். இல்லையேல் சோப்பை முதலில் வேகவைத்து முடித்து, கடைசியில் சூடு தணியும் நேரத்தில் வாசனையைச் சேருங்கள். அப்போது காரம் ஏறக்குறையத் தீர்ந்துபோயிருக்கும், மணம் பிழைக்கும்.

மைசூர் சந்தன சோப்பில் மட்டும் மணம் கடைசிச் சீவல்வரை நிற்கிறதே, எப்படி?
– வாசகர், பிறை

இரண்டு காரணங்கள். முதலாவது சரக்கு. முதல் உலகப் போரில் ஐரோப்பாவுக்குச் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைபட்டது. கட்டைகள் தேங்கிக் கிடக்க, மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் மைசூரிலேயே எண்ணெய் வடிக்க ஏற்பாடு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் இந்தச் சோப்பு. சந்தன எண்ணெயின் உயிர் சாண்டலால். அது கனமான மூலக்கூறு, மெதுவாகத்தான் ஆவியாகும். எஸ்டர் இல்லை என்பதால் காரம் அதை உடைப்பதும் இல்லை.

இரண்டாவது, செய்முறை. ஆலைகளில் சோப்பு முழுதாக உருவாகி, காய்ந்து, துருவலான பிறகுதான் வாசனையைச் சேர்த்து அரைத்து அழுத்துவார்கள். வாசனை காரத்தின் முகத்தையே பார்ப்பதில்லை. குளிர்முறையில் நாம் வாசனையை நேரே போர்க்களத்தில் இறக்குகிறோம். அதனால் ஆலைச் சோப்போடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

ஆரஞ்சு, எலுமிச்சை மணம் நான்கு வாரத்தில் மாயமாகிறது. ஜாதிக்காய்த் தைலமும் அப்படியே. கூடுதலாக ஊற்றலாமா?
– வாசகி, பாலிக் புலாவ்

அளவைக் கூட்டினால் காசுதான் கரையும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் லிமோனீனும், ஜாதிக்காயின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் டெர்பீன்களும் இலேசானவை, பறந்துவிடும். நம் வெப்பத்தில் இன்னும் சீக்கிரம் பறக்கும். அவற்றுக்குக் கனமான துணை தேடிக் கொடுங்கள். எலுமிச்சை வாசம் வேண்டுமா, செராய் என்று நாம் சந்தையில் வாங்கும் எலுமிச்சைப் புல்லின் தைலத்தைச் சேருங்கள். ஜாதிக்காய்க்குப் பச்சோலி நல்ல ஜோடி. 19ஆம் நூற்றாண்டில் பினாங்கிலும் செபராங் பிறையிலும் பயிரான செடி அது. பத்து பங்கு ஜாதிக்காய்க்கு மூன்று பங்கு பச்சோலியில் தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்று. நாள் முழுதும் சோப்புக்கு நடுவே இருந்தால் உங்கள் மூக்கு மரத்துப்போகும். வெளியிலிருந்து வருகிறவரிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள். பாதி நேரம் மணம் அங்கேதான் இருக்கும்.

சோப்பு மேலே முத்து முத்தாக வியர்க்கிறது. வாசனை எண்ணெய் கக்குகிறதா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

ஒரு டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, தாளை அரைமணி நேரம் காயவிடுங்கள். கறை எண்ணெய்ப் பசையோடு ஒளி ஊடுருவும்படி நின்றால் வாசனை எண்ணெய் கசிகிறது. அளவு மீறியிருக்கலாம், அல்லது கலவை சரியாகச் சேராமல் அச்சுக்குப் போயிருக்கலாம். கறை எண்ணெய்ப் பசையின்றிப் போய்விட்டால் அது கிளிசரின் இழுத்த ஈரம். வீட்டுச் சோப்பில் கிளிசரின் முழுதும் உள்ளேயே இருக்கிறது. கடலோரக் காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும். மழை மாதங்களில் பினாங்கில் இது சர்வ சாதாரணம், சோப்புக்கு ஒரு குறையும் இல்லை.

குளியலறைப் பக்கம் காயவைக்காதீர்கள். விசிறிக் காற்று படும் அலமாரியில், கட்டிக்குக் கட்டி இடைவெளி விட்டு, நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். இரும்புக் கம்பித் தட்டு வேண்டாம். உலோகம் பட்ட இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை வரும். குளிர்பெட்டியில் வைத்த சோப்பை வெளியே எடுத்தால், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள்.

பினாங்கு ஸ்திரீட் கடையில் வாங்கிய அத்தரையும், அறையில் மணம் பரப்பும் எண்ணெயையும் சோப்பில் ஊற்றலாமா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

உடம்பில் பூசுவதற்கும் அறையில் மணக்கவும் செய்தவை அவை. காரத்தில் குளிக்கச் செய்தவை அல்ல. மணத்தை இளக்க என்னென்ன திரவம் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆல்கஹால் கலந்த ஸ்பிரே வாசனை என்றால் கலவை நொடியில் இறுகலாம். அறை வாசனை எண்ணெய் தோலுக்குப் பாதுகாப்பானதா என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

வாங்கும்போது இரண்டு தாள்கள் கேளுங்கள்: பாதுகாப்புத் தரவுத் தாள், இஃப்ரா சான்றிதழ். இஃப்ரா என்பது உலக வாசனைப் பொருள் துறையின் அமைப்பு; கழுவிவிடும் சோப்பு வகைக்கு அதன் பட்டியலில் 9ஆம் பிரிவு. அங்கே போட்டிருக்கும் உச்ச விழுக்காடுதான் உங்கள் வரம்பு. 1 கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் என்ற வழக்கமான அளவு ஈரச் சோப்பில் ஏறத்தாழ 2 விழுக்காடு. காய்ந்ததும் சற்றுக் கூடும். தாள் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் போடும் சாம்பிராணி மணம் சோப்பில் வருமா?
– வாசகி, செபராங் ஜெயா

வரும், அழகாகவே வரும். மலாக்கா நீரிணையைத் தாண்டினால் சுமத்ரா, சாம்பிராணியின் தாய்வீடு. மலாய்க்காரர்கள் கெமென்யான் என்பதும் இதைத்தான். ஆனால் இந்தப் பிசினில் அமிலங்கள் நிறைய. அவை காரத்தைக் கொஞ்சம் தின்னும், கலவையையும் வேகமாக இறுக்கும். கட்டியைப் பொடித்துப் போட்டால் கரையாமல் நறநறவென்று நிற்கும். சோப்புக்கென்று திரவமாக விற்கும் பென்சாயின் பிசினை 1 கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் அளவில், வெதுவெதுப்பான எண்ணெயில் முன்பே கலந்துவிடுங்கள். சோப்பு தேன் நிறமாகும். சந்தனம், பச்சோலி, சாம்பிராணி மூன்றும் சேர்ந்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

தேங்காய்ப் பாலும் தேனும் மசாலா வாசனையும் சேர்த்தேன். நூல்களில் சொன்னபடி துண்டு சுற்றி மூடிவைத்தேன். சோப்பு பொங்கி மேசையெல்லாம் வழிந்துவிட்டது!
– வாசகி, நிபோங் திபால்

துண்டு சுற்றச் சொன்ன நூல்கள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. நம் ஊரில் இரவிலும் சூடு அதிகம் இறங்குவதில்லை. பால் சர்க்கரையும் தேனும் சூட்டைக் கூட்டும், மசாலா வாசனை அதற்கு மேல் கூட்டும். இப்படிப்பட்ட கலவையை மூடாமல், சிறு தனிக்கட்டி அச்சுகளில் ஊற்றி, விசிறிக்கு எதிரே வையுங்கள். பொங்கும் சோப்பை வெறுங்கையால் துடைக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காரம் தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள், வினிகர் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

தைலத்தை அளந்து ஊற்றிய பிளாஸ்டிக் கப் இளகிவிட்டது.
– வாசகர், குளுகோர்

பாலிஸ்டைரீன் கப்பாக இருக்கும். ஆரஞ்சுத் தைலமும் கிராம்பும் அதைக் கரைக்கும். கண்ணாடிக் குவளையில் அளந்துகொள்ளுங்கள்.

வாசனை எண்ணெயின் தீப்பற்று நிலை 60 டிகிரி என்று போட்டிருக்கிறது. கலவை அதற்கு மேல் சூடானால் மணம் போய்விடுமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

அந்த எண் நெருப்புக்குச் சொன்னது, மணத்துக்கு இல்லை. எந்தச் சூட்டில் அதன் ஆவி சுடரருகே தீப்பிடிக்கும் என்பதே அதன் பொருள். சேமித்து வைப்பதற்கும் தபாலில் அனுப்புவதற்கும் பாருங்கள், சோப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பலகாரம், மீன் பொரித்த எண்ணெயில் சோப்பு செய்கிறேன். எவ்வளவு வாசனை ஊற்றினால் அந்த வாடை மறையும்?
– வாசகி, சுங்கை பாக்காப்

மறையாது அம்மா. சில வாரத்தில் வாசனை குறையும்போது மீன் வாடை மறுபடி தலைகாட்டும். எண்ணெயை வீணாக்காத உங்கள் மனத்துக்கு என் வணக்கம். அதைப் பாத்திரம், தரை, துணி சுத்தம் செய்யும் சோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். துணியில் வடிகட்டுங்கள், மிச்ச எண்ணெய் 1, 2 விழுக்காட்டுக்கு மேல் நிற்காதபடி காரத்தைக் கணக்கிடுங்கள், எலுமிச்சைப் புல் தைலம் சேருங்கள். மேனிக்குத் தேய்க்கும் சோப்புக்குப் புது எண்ணெயே போடுங்கள்.

பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம். எந்த வாசனை போட்டுச் சோப்பு செய்யட்டும்?
– பாட்டி, சிம்பாங் அம்பாட்

எந்த வாசனையும் வேண்டாம் பாட்டி. பிள்ளைக்கே ஒரு மணம் இருக்கிறது.

வார இறுதிச் சந்தையில் விற்கலாம் என்று இருக்கிறேன். வாசனை நன்றாக அமைந்தால் போதுமா?
– வாசகர், ரெலாவ்

போதாது. மலேசியாவில் குளியல் சோப்பு அழகுப்பொருள் என்ற பிரிவில் வருகிறது. விற்கும் முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-விடம் அந்தப் பொருளை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் இதற்கு அடிப்படை. செய்யும் இடத்துக்கும் சேர்மானப் பட்டியலுக்கும் விதிகள் உண்டு. வாசனையின் தாள்களை நான் மேலே கேட்கச் சொன்னது இதற்கும்தான் உதவும். வீட்டுக்குச் செய்வது அன்பு, விற்பதற்குச் செய்வது பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகு கடை விரியுங்கள்.

இத்தனை சிக்கலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்களேன்.
– வாசகி, ஜார்ஜ் டவுன்

புது வாசனை எதுவானாலும் முதலில் சின்னச் சட்டியில் சோதியுங்கள். 5 கிலோ கலவையில் கற்கிற பாடத்தை அரைக் கிலோவிலேயே கற்கலாம். அளவு இதோ: தேங்காய் எண்ணெய் 150 கிராம், செம்பனை எண்ணெய் 200, ஆலிவ் எண்ணெய் 150. காஸ்டிக் சோடா 72 கிராம், தண்ணீர் 168. இதில் 5 விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் தோலுக்கென்று மிஞ்சும். வாசனை 15 கிராம்; இஃப்ரா வரம்பு குறைவென்றால் அதன்படி குறையுங்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது.

ஒரு நோட்டில் நான்கே வரி எழுதுங்கள்: வாசனையின் பெயரும் கடையும், ஊற்றியபின் எத்தனை நிமிடத்தில் கெட்டியானது, மறுநாள், ஒரு வாரம், நான்கு வாரம் கழித்து என்ன நிறம், ஆறாவது வாரம் எவ்வளவு மணம். பத்து வாசனை சோதித்து முடிக்கும்போது உங்கள் நோட்டு எந்தக் கடைக்காரர் வாக்கையும்விட நம்பகமாக இருக்கும். அடுத்த மாதம் சோப்பின் நிறங்களைப் பற்றிப் பேசலாம். மஞ்சள், பாண்டான் இலை, சங்குப்பூ பற்றிய கேள்விகளை இப்போதே அனுப்பிவையுங்கள்.